மேசைமேல் ஒரு கச்சேரி: ஹெட்ஃபோனுக்கு ஏற்ற ஸ்ட்ரீமர் எது?

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு ஊரோடு உள்ள ஒட்டுறவில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மும்பையானாலும் தில்லியானாலும் அடுக்குமாடி வீட்டுச் சுவர் மெல்லியது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரில் காம்போதி ஆலாபனை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். அதனால் நம்மவர் பலர் மேசைமேல் ஒரு நல்ல ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கேட்கிறார்கள். அடுத்து எழும் கேள்வி: "ஸ்ட்ரீமர்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேணுமா? வேணும்னா எதை வாங்கறது?"

நான்கு பேர், நான்கு வேலை

இணையத்தில் இருக்கும் பாட்டு நம் காதுக்கு வர நான்கு கட்டங்கள் உண்டு. வைஃபை வழியே பாட்டை எண்களாக வாங்கித் தருவது ஸ்ட்ரீமர். அந்த எண்களை மின்னலையாக மாற்றுவது 'டாக்' எனப்படும் கருவி. அலைக்கு வலுவூட்டுவது ஆம்ப்ளிஃபயர். ஒலியாக்குவது ஹெட்ஃபோன். டாக், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் பெரும்பாலும் ஒரே சின்னப் பெட்டியில் அடங்கிவிடும்.

கச்சேரி பாஷையில் சொன்னால், ஸ்ட்ரீமர் பாடகர் அல்ல; பாடகரை ரயிலடியிலிருந்து சபாவுக்கு அழைத்து வரும் வண்டி. பத்திரமாக, நேரத்துக்குக் கொண்டு சேர்த்தால் போதும். வண்டி விலை உயர்ந்தது என்பதற்காகக் குரல் இனிமையாகிவிடாது. ஒரே எண்கள் மாறாமல் ஒரே டாக்குக்குப் போனால், மலிவு ஸ்ட்ரீமரும் விலை உயர்ந்த ஸ்ட்ரீமரும் ஒரே மாதிரிதான் கேட்கும். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

எத்தனை பிட் போதும்?

1982-இல் வந்த சி.டி.யில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். மாதிரி எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வெண்களை, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை, இது பதிவு செய்யும். மனிதக் காதின் எல்லையே 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே பெட்டிமேல் '24 பிட், 192' என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கீழே இறங்கினால் மட்டும் கவனம் தேவை. 128 கிலோபிட் எம்.பி.3-இல் தம்புரா ரீங்காரமும் ஜால்ரா ஒலியும் மங்கக்கூடும். 320-ஐத் தொட்டால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் பிடிபடாது. ப்ளூடூத்தோ பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. வழக்கமான முறையில் சுமார் 328 கிலோபிட் வரை. வைஃபை ஸ்ட்ரீமருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

முதலில், தேவையா?

மேசையில் கம்ப்யூட்டர் இருந்தால் தனி ஸ்ட்ரீமரே வேண்டாம். யூ.எஸ்.பி. டாக் ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்போனும் டாக்கோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும். கம்ப்யூட்டரைப் போடாமலே கேட்க வேண்டும், நடுவில் போன் வந்தால் பாட்டு நிற்கக் கூடாது, வீட்டில் யார் கைபேசியிலிருந்தும் இயக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஸ்ட்ரீமர்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று, வாய் பொருந்துகிறதா? பலர் கோட்டை விடும் இடம் இதுதான். சிக்கனமான ஸ்ட்ரீமர்கள் பலவற்றில் டிஜிட்டல் வெளியீடு ஆப்டிகல் மட்டும். சின்ன டாக்குகள் பலவற்றில் உள்ளீடு யூ.எஸ்.பி. மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கல்யாணம் நடக்காது! உதாரணமாக 'வீம் மினி'யில் ஆப்டிகலும் சாதாரண லைன் வெளியீடும் உண்டு. எனவே ஆப்டிகல் உள்ளீடு உள்ள டாக்தான் அதற்கு ஜோடி. லைன் வெளியீட்டில் ஹெட்ஃபோனை நேராகச் செருகுவது சரியல்ல.

இரண்டு, நீங்கள் சந்தா கட்டும் சேவையோடு ஒத்துப்போகிறதா? ஸ்பாட்டிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட், ஏர்பிளே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. உங்கள் வழி பெட்டிமேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, இடைவெளி இல்லாமல் பாடுமா? ராகம் தானம் பல்லவியை ஆல்பத்தில் மூன்று நான்கு பகுதியாக வெட்டியிருப்பார்கள். பகுதி மாறும்போது ஒரு நொடி மௌனம் விழுந்தால் ரசனையே போச்சு. வாங்குமுன் கடையிலேயே போட்டுக் கேளுங்கள்.

நான்கு, கம்பெனி கைவிட்டாலும் ஓடுமா? லாஜிடெக் 2012-இல் 'ஸ்க்வீஸ்பாக்ஸ்' வரிசையை நிறுத்தியது. 2024-இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் இலவச மென்பொருளால்தான் அந்தப் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. 2015-இல் வந்த 'குரோம்காஸ்ட் ஆடியோ'வின் உற்பத்தி 2019-இல் நின்றது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகமெங்கும் அது சில நாள் முடங்கி, கூகுள் சரிசெய்த பிறகே உயிர் பெற்றது. நம் வீட்டுப் பெட்டியின் ஆயுள் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வீட்டு டிஸ்கில் உள்ள பாட்டையும் இசைக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

கொஞ்சம் கைவேலை தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'ராஸ்பெரி பை' நல்ல வழி. 'மூட்', 'வால்யூமியோ' போன்ற மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றி, யூ.எஸ்.பி. வழியே டாக்கில் இணைத்தால் ஸ்ட்ரீமர் தயார். பழைய மாடல்களில் உள்ள 3.5 மி.மீ. துளையின் ஒலி சுமார்தான். 'பை 5'-இல் அந்தத் துளையே கிடையாது. டாக் அவசியம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் பத்து ரூபாய் என்றால் ஆறு ரூபாய் ஹெட்ஃபோனுக்கு, மூன்று ரூபாய் டாக்-ஆம்ப்ளிஃபயருக்கு, ஒரு ரூபாய் ஸ்ட்ரீமருக்கு. இது என் கணக்கு. 38 ஓம் உள்ள ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் போன்றவை செல்போனிலேயே பாடும். 300 ஓம் உள்ள சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவற்றுக்கு நல்ல ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அப்போது ஆம்ப்ளிஃபயருக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்குங்கள். ஸ்ட்ரீமரின் ஒலியளவை முழுதாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் குமிழைக் குறைத்த நிலையிலிருந்து மெல்லத் திருப்பிக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் காதுக்கு மாற்று கிடையாது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75 டெசிபல். இதுவே உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு. ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் மாறி மாறிக் கேட்கும் வீடுகளில், பேத்தி கைக்கு வரும்போது குமிழைக் குறைத்துக் கொடுங்கள்.