மர்மக் கதை எழுதுவோம், கூடி எழுதுவோம்

மட்டக்களப்பு வாவிக்கு ஒரு மர்மம் உண்டு. முழுநிலவு நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்தால் ஓர் இசை கேட்கும் என்பார்கள். மீன் பாடுகிறது என்றே ஊர் சொல்கிறது. 1848 இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் மீனவர்களிடம் விசாரித்தபோது, பாடுவது ஊரி என்றார்கள். பிற்காலத்தில் இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அந்த ஓசையை ஒலிப்பதிவும் செய்தார். ஆனாலும் பாடுவது எது என்பதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு கிடையாது.

மர்மக் கதையும் இப்படி ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாவி பதில் சொல்லாமல் இருக்கலாம். கதை அப்படி இருக்க முடியாது. யார், எப்படி, ஏன் என்பதை முடிவதற்குள் வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும். பதில் கிடைக்காத கேள்விகளோடு பல வருடங்களாக வாழும் எமது பெண்களுக்கு, கேள்வியையும் பதிலையும் தாமே தீர்மானிக்கும் இந்த எழுத்து நல்லதொரு பயிற்சி. அதைக் குழுவாகச் செய்து ஒரு தொகுதியாகவும் வெளியிடலாம்.

மற்றவர்கள் செய்த விதம்

1930 இல் லண்டனில் துப்பறியும் கதை எழுதுவோர் ஒரு கழகம் அமைத்தனர். அகதா கிறிஸ்டி, டொரதி சேயர்ஸ் ஆகிய பெண்கள் அதில் முக்கியமானவர்கள். 1931 இல் அவர்கள் கூடி ஒரு நாவல் எழுதினார்கள். ஆற்றில் மிதந்து வரும் ஓடத்தில் ஒரு கடற்படை அதிகாரியின் உடல் கிடக்கிறது. ஒருவர் எழுதிய அத்தியாயத்தை மற்றவர் வாங்கித் தொடர்ந்தார். தொடர்ந்தவர்கள் தாம் நினைத்த முடிவையும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே கேள்விக்குப் பலர் கண்ட பதில்களும் நூலின் இறுதியில் அச்சாகின.

அக்கழகத்தில் சேருவோர் ஓர் உறுதிமொழி எடுப்பார்கள். முக்கியமான தடயத்தை வாசகருக்கு மறைக்கக் கூடாது. மந்திரத்தாலோ தெய்வச் செயலாலோ மர்மத்தை அவிழ்க்கக் கூடாது. 'வந்தாரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர்' என்று பெயரெடுத்த மட்டக்களப்பில் இந்த விதி மிகவும் பொருத்தம்! கதையில் செய்வினை என்ற சந்தேகம் வரலாம். முடிவு மனிதர் செய்த காரியமாகவே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மர்மக் கதை எழுதும் பெண்களின் நூல்களுக்குப் பத்திரிகைகள் போதிய மதிப்புரை எழுதவில்லை என்ற குறை இருந்தது. எழுத்தாளர் சாரா பரெட்ஸ்கி முதலானோர் 1986 இல் கூடிப் பேசியதிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு பிறந்தது. அதன் பிரதேசக் கிளைகள் தத்தம் ஊரைக் களமாக்கித் தொகுதிகள் வெளியிடுகின்றன. செசபீக் விரிகுடாப் பகுதிக் கிளை 2004 இல் முதல் தொகுதியை வெளியிட்டது. எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு, வெளியார் கதைகளைத் தெரிவு செய்யும் முறையை அவர்கள் பின்பற்றினார்கள்.

எம்மவரும் செய்திருக்கிறார்கள்

கூடி எழுதுவது எமக்குப் புதிதல்ல. எஸ்.பொன்னுத்துரை, குறமகள் உட்பட ஈழத்து எழுத்தாளர் ஐவர் சேர்ந்து 'மத்தாப்பு' என்ற கதையை எழுதினார்கள். 1986 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம், பெண்களின் கவிதைகளை 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுதியாக வெளியிட்டது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 'பெண்' என்ற சஞ்சிகையை வெளியிட்டது.

'எனக்கு எழுதத் தெரியாதே' என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. தமிழகத்தின் வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் அவர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையும் நடத்தினார். குழுவிலும் சொல்ல ஒருவர், எழுத ஒருவர் இருக்கலாம்.

தொடங்கும் முறை

எட்டு, பத்துப் பேர் போதும். முதலில் எல்லாக் கதைக்கும் பொதுவான ஒரு களத்தைத் தீர்மானியுங்கள். படுவான்கரைக் கிராமம், மீன் சந்தை, கோயில் திருவிழா என்று எதுவாகவும் இருக்கலாம்.

மர்மம் என்றதும் கொலை வேண்டும் என்றில்லை. மாதர் சங்கப் பெட்டியில் 5,000 ரூபாய் குறைகிறது. திறப்பு மூன்று பேரிடம் உண்டு. இதுவே ஒரு நல்ல கதை. பதிலை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார், எந்த இடத்தில் பிசகினார்?

தடயங்களை உங்கள் அன்றாட அறிவிலிருந்து எடுங்கள். வலை காய்ந்து கிடந்தால் அவன் இரவு வாவிக்குப் போகவில்லை. அடுப்புச் சாம்பல் சூடாயிருந்தால் அந்த வீட்டில் சற்று முன்தான் ஆள் இருந்திருக்கிறது. கிணற்றடி ஈரத்தையும் வேலிப் பொட்டையும் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடும் பெண்கள் எம்மிடையே எத்தனை பேர்!

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு கதையையும் வாசித்து, முடிவுக்குச் சற்று முன் நிறுத்துங்கள். கேட்டவர்கள் பதிலை ஊகிக்கட்டும். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டால் தடயம் அதிகம். முடிவைக் கேட்ட பின்னும் எவருக்கும் விளங்கவில்லை என்றால் தடயம் போதாது. திருத்திய பின் பெயர்களை நீக்கி, குழுவுக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியையிடமோ நூலகரிடமோ தெரிவுக்குக் கொடுங்கள். மனக்கசப்பு வராது. போட்டோக்கொப்பி எடுத்துத் தைத்த 50 பிரதிகளும் தொகுதிதான்.

மிக முக்கியமான ஒன்று

1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலை வளாக அகதி முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேரின் குடும்பங்கள் போல, எமது பிரதேசத்தில் பதிலுக்காகக் காத்திருக்கும் வீடுகள் அநேகம். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கதையை விடுகதையாக்கி, எமது விருப்பப்படி முடிவெழுத வேண்டாம். அந்த முடிவை வாசிக்கப்போவது அவருடைய தாயாக இருக்கலாம். அயலவரை அடையாளம் காட்டும் பெயர், வீடு, வாகனம் எதையும் எழுத வேண்டாம். வாசிக்கும்போது ஒருவருக்கு மனம் கலங்கினால் அத்தோடு நிறுத்துங்கள். தேநீர் குடித்து, அவருக்கருகில் இருங்கள். தொடர்வதும் விடுவதும் அவருடைய விருப்பம்.

கடைசியாக எப்போது கண்டது, என்ன உடுப்பு, யார் கூட இருந்தார், எந்தப் பக்கம் போனது என்றெல்லாம் கேட்பது கதையில் வரும் துப்பறிவாளரின் வேலை. முகாம் முகாமாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் பையில் பத்திரங்களைச் சுமந்து திரிந்த தாய்மாரும் மனைவியரும் அதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறார்கள். அந்தக் கோவையைக் கதையோடு கலக்க வேண்டாம். போட்டோக்கொப்பி எடுத்து, ஒரு பிரதியை நம்பிக்கையான வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். கதைக்குப் புதிய கொப்பி ஒன்று வாங்குங்கள்.