கட்டம் போட்ட கதகதப்பு

டொராண்டோவில் அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்குக் கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டைதான். அலுவலகம், காய்கறிக் கடை, நண்பர்கள் வீட்டு விருந்து, எங்கே போனாலும் அதுவே. ஊரிலிருந்து வந்திருந்த தோழியின் அம்மா ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கைலித் துணியில சட்டை தைச்சுப் போட்டிருக்கே?" என்று கேட்டார். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கைலியைப் போலவே நல்ல ஃப்ளானலிலும் முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், பிறகுதான் தறி.

என் சிவப்பு-கறுப்புச் சட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாவும் ஊடையும் சிவப்பாக இருக்கும் இடம் முழுச் சிவப்பு. இரண்டும் கறுப்பானால் முழுக் கறுப்பு. சிவப்பும் கறுப்பும் குறுக்கே சந்திக்கும் கட்டத்திலோ பொடிப்பொடியான சாய்கோடுகள் ஓடி, தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த அரக்கு நிறமாகத் தெரியும். இரண்டே நூலில் மூன்று நிறம். சட்டையைத் திருப்பினால் உள்பக்கத்திலும் அதே கட்டங்கள் இருக்கும். அச்சடித்த மலிவுத் துணியில் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும். கடையில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

கதகதப்பு வருவது நெய்த பிறகு. மெல்லிய கம்பி முட்கள் பதித்த உருளைகளில் துணியை ஓட்டி, நூலின் இழைகளை லேசாகக் கிளப்பிவிடுவார்கள். அந்தப் பூமயிரில் காற்று தங்கி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேல்ஸ் நாட்டில் கம்பளி நூலில் தொடங்கிய துணி இது. இன்று பெரும்பாலும் பருத்தி.

கட்டங்களுக்கு இன்னொரு வரலாறு. ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு, அவர்களுடைய கட்டம் போட்ட உடையை ஆண்கள் உடுத்தக் கூடாது என்று 1746இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டது. முதல்முறை பிடிபட்டால் 6 மாதம் சிறை. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஒரு துணிக்கு அரசு அவ்வளவு அஞ்சியிருக்கிறது என்று படித்த நாளிலிருந்து இந்தக் கட்டங்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அமெரிக்காவில் கட்டச் சட்டை உழைப்பாளிகளின் உடை. மரம் வெட்டுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் போட்டார்கள். ஓரிகானின் பெண்டில்டன் ஆலை 1924இல் பளிச்சென்ற கட்டங்களில் கம்பளிச் சட்டை கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் சியாட்டில் இசைக்குழுக்கள் பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைத்த ஃப்ளானலை மாட்டிக்கொண்டு மேடை ஏறின. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் போட்டதை உலகமே போட்டது. 1992இல் ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக அந்தத் தோற்றத்தைப் பட்டில் செய்து காட்டி, வேலையையும் இழந்தார். பட்டில் ஃப்ளானலைப் போலச் செய்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தொட்டால் சொரசொரப்பும் மென்மையும் ஒன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் இதன் அழகு.

போடும் விதம் எளிது. உள்ளே ஒரே நிற பனியன், மேலே பொத்தான் போடாத கட்டச் சட்டை, கீழே கோடோ பூவோ இல்லாத கால்சட்டை. கட்டம் ஒன்று போதும், இரண்டு கூடாது. வாங்கும்போது மார்புப் பையைக் கவனியுங்கள். பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு பிசகாமல் சேர்ந்திருந்தால் தைத்தவர் துணியை வீணாக்கவும் தயங்காமல் நேரம் எடுத்திருக்கிறார் என்று பொருள். பருத்தி ஃப்ளானல் முதல் துவைப்பில் சுருங்கும். கொஞ்சம் தளர்வாகவே வாங்குங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவையுங்கள். சூடான உலர்த்தியில் போட்டால் பூமயிர் உருண்டு திரளும். நிழலில் கொடி கட்டிக் காயவையுங்கள்.