வழியிற் குளிர் காத்தல்

மாத்தளை நகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது இரத்தோட்டை. மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் விளையும் மண் அது. இவ்வாசனைத் திரவியங்கள் உலகின் எம்மூலைக்கும் கெடாது செல்வன. அதற்குக் காரணம் யாது? பறித்த மிளகை வெயிலிற் காயவைத்து, அதன் நீரை ஏறக்குறைய நூற்றுக்கு 12 பங்காகக் குறைத்துவிடுகின்றனர். நீர் குறைந்தவிடத்து நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆயின், அதே மாவட்டத்து மலைச்சாரல்களிற் பறிக்கும் கீரைக்கும் போஞ்சிக்கும் இவ்வழி பொருந்தாது. அவற்றின் எடையிற் பத்தில் ஒன்பது பங்கு நீரே. அந்நீரே அவற்றின் பசுமை. அந்நீரையும் பசுமையையும் இழக்காது அவற்றை நெடுவழி கொண்டுசெல்லத் துணையாவது குளிர்.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கடைக்குச் செல்ல இயலாத மக்கள் தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் மரக்கறி, மீன், தயிர் முதலியவற்றைக் கேட்டு வீட்டு வாயிலிற் பெற்றுக்கொள்ளும் வழக்கம் அக்காலத்திற் பெரிதும் பரவிற்று. ஊரடங்கு நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் தொட்டுத் தெரிந்து வாங்கும் பழைய முறையில் வாங்குவோனே தன் காவலன். புதிய முறையில் அக்காவல் கண்காணாத பலரின் கைகளுக்கு மாறிவிடுகின்றது. எனவே, வழியிற் குளிர் காக்கப்படுவது எவ்வாறு என்பதை அறிதல் அனைவர்க்கும் வேண்டுவதாகும்.

பறித்த காய்கறி உயிரற்ற பொருளன்று. அது பறித்த பின்னரும் சுவாசிக்கின்றது; ஒட்சிசனை ஏற்றுக் காபனீரொட்சைட்டையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் இச்சுவாசம் இரண்டு அல்லது மூன்று மடங்காகப் பெருகும். காற்றோட்டமின்றிச் சாக்கில் அடைத்து அடுக்கிய காய்கறி தன் வெப்பத்தாலேயே தான் வேகின்றது. மாத்தளை மாவட்டத்தின் வடபாலுள்ள தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி வாணிகத்துக்கு நடுவிடமாக விளங்குகின்றது. 2011ஆம் ஆண்டின் இறுதியிற் சாக்குகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முற்பட்டபோது அங்கு எதிர்ப்பு எழுந்தது. கூடைகளை வாங்குவதும் வெறுங்கூடைகளை மீட்டுக்கொண்டு வருவதும் யார் செலவு என்னும் வினா எளியதன்று. எனினும் நசுங்காமையும் காற்றோட்டமும் குளிருக்கு முற்பட்ட தேவைகள் என்பதில் ஐயமில்லை.

இனி, பொதியைச் சுமந்து செல்லும் பெட்டியைப் பற்றிப் பலரிடத்தும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பனிக்கட்டி வைத்த பெட்டி பொருளைக் குளிர்விக்கும் என்பதே அது. கணக்கு வேறு கூறுகின்றது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பத்தை உட்கொள்ளும். 28 பாகையிலுள்ள 5 கிலோகிராம் மரக்கறியை 8 பாகைக்கு இறக்குவதற்கு ஏறக்குறைய 95 கிலோகலோரி வெப்பத்தை நீக்குதல் வேண்டும். ஆகவே அரைக் கிலோகிராம் பனிக்கட்டியால் அப்பணியிற் பாதியும் நிறைவேறாது. மாறாக, பொருள் முன்னரே குளிர்விக்கப்பட்டிருப்பின், வெளியிலிருந்து நுழையும் வெப்பத்தைத் தடுப்பதே பனிக்கட்டியின் வேலையாகும். பக்கம் ஒவ்வொன்றும் 30 சதமமீற்றரும் சுவர்த் தடிப்பு 2.5 சதமமீற்றருமான ரெஜிபோம் பெட்டியினுள், 5 பாகைக்கும் 28 பாகைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில், மணிக்கு ஏறக்குறைய 15 கிலோகலோரியே நுழையும். அதே அரைக் கிலோகிராம் பனிக்கட்டி இரண்டரை மணி நேரம் காவல் நிற்கும். குளிரை ஆக்குவது களஞ்சியம். பெட்டி அதனைக் காப்பது மாத்திரமே.

இவ்வுண்மை புதியதன்று. 1833ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து ‘ரஸ்கனி’ என்னும் கப்பல் ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. வெப்ப வலயக் கடல்களைக் கடந்த நான்கு மாதப் பயணத்தின் பின்னும் அதிற் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. கப்பலில் இயந்திரக் குளிரூட்டி எதுவும் இருக்கவில்லை. நெருக்கி அடுக்கியமையும் வெப்பத்தைத் தடுத்த உறையுமே அதனைக் காத்தன. இன்றைய ரெஜிபோமும் தன்னுள் அடைபட்ட காற்றினாலேயே வெப்பத்தைத் தடுக்கின்றது. ஆயினும் அது மண்ணில் மக்காதது. இலங்கையில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகள் 2017இல் தடைசெய்யப்பட்டமையையும் நினைவிற் கொண்டால், மீண்டும் மீண்டும் பயன்படும் தடித்த உறைப்பைகளே விரும்பத்தக்கன.

எல்லாப் பொருளுக்கும் ஒரே குளிர் ஏற்றதன்று. கரட், கோவா, லீக்ஸ், கீரை ஆகியன உறைநிலையை அடுத்த குளிரைத் தாங்கும். வாழைப்பழம் 13 பாகைக்குக் கீழே தோல் கறுக்கும். வெள்ளரியும் கத்தரியும் 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருப்பின் பள்ளம் விழுந்து அழுகும். இறைச்சி, மீன், பால் ஆகியவற்றை 5 பாகைக்கு மேற்படாது காத்தல் வேண்டும். இவையனைத்தையும் ஒரே பெட்டியிலிட்டுப் பனிக்கட்டியை மேலே வைப்பது ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கெடுப்பதாகும்.

காய்கறி வாடினாற் பொருள் நட்டம். மீனிற் குளிர் குன்றினால் உடல் நட்டம். சூரை முதலிய மீன்களின் தசையில், வெப்பம் ஏறும்போது, பற்றீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. மீனை மறுபடி குளிர்வித்தாலும் அது நீங்காது, சமைத்தாலும் அழியாது. உண்டோர்க்கு முகம் சிவத்தல், தலைவலி, வாந்தி முதலியன தோன்றும். ஆதலால், வாயிலிற் பெறும்போது பொதி குளிர்ந்திருப்பது வழிநெடுகக் குளிர் காக்கப்பட்டதற்குச் சான்றாகாது. களஞ்சியத்திலிருந்து புறப்பட்ட நேரம் பொதியின்மேற் குறிக்கப்படுதலும், வெப்பமானி ஒன்று உடன் செல்லுதலுமே சான்றாகும்.

இக்காவல் பெரிய நிறுவனங்களால் மாத்திரமே இயலுவதன்று. இரத்தோட்டை போன்ற ஊரிலுள்ள சிறு வணிகரும் கைக்கொள்ளத்தக்க முறைகள் பல. விடியற்காலையிற் பறித்தல், உடனே நிழலில் வைத்தல், கூடையில் அடுக்குதல், குளிர்வித்த பின்னரே பொதிதல், மீனையும் இறைச்சியையும் வேறாக்குதல், மலைவழியின் நேரத்தைக் கணித்துப் பனிக்கட்டியை அளவிடுதல் என்பன அவை. பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு: பொதியை வாயிலிற் கிடக்கவிடாது உடனே பிரித்து, மீனை முதலிற் குளிர்பதனப் பெட்டியுட் சேர்த்தல். உழவன் கையிலிருந்து அடுக்களை வரையிற் செல்லும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையோர் உழைப்பு வீணாம். கெட்டுக் கழிக்கப்படும் ஒவ்வொரு கூடையும் உழவனின் விலையிலோ வாங்குவோனின் செலவிலோ சேர்ந்தே தீரும். குளிர் காத்தல் என்பது, ஆகவே, உழைப்பைக் காத்தலேயாம்.