மூழ்குகிறவன் காது

மாமல்லபுரம் செல்லும் எவரும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் சற்று நின்று, "மற்ற ஆறு கோயில்களும் அதோ அந்த அலைகளுக்கு அடியில்தானாம்" என்று கிழக்கே கை நீட்டாமல் திரும்புவதில்லை. வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1788-ஆம் ஆண்டிலேயே இந்தக் கர்ண பரம்பரைக் கதையை அச்சேற்றிவிட்டார். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினரும் அங்கே மூழ்கித் தேடியபோது, செதுக்கிய கற்களும் சுவர் போன்ற வரிசைகளும் தென்பட்டன. அவை அந்த ஆறு கோயில்கள்தாமா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம் கருத்தைக் கவர்ந்தது வேறொரு விவரம். அவை கிடந்த ஆழம் 5 முதல் 8 மீட்டர் வரைதான். செங்கற்பட்டுப் பக்கத்து வயற்கிணறு ஒன்றின் ஆழம்!

"இவ்வளவுதானா?" என்று நேயர்கள் கேட்கலாம். காதைப் பொறுத்தமட்டில் இதுவே பொல்லாத ஆழம்.

தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால், மேலே நம்மை அழுத்தும் காற்றின் பாரத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் நம்மீது ஏறுகிறது. உடம்பில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த 10 மீட்டரில் அது பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகத்தான் சுருங்கும். ஆகவே பெரிய மாறுதல் முதல் சில கஜங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. செவிப்பறைக்கு உட்புறத்தில் சிறிய காற்றறை ஒன்று உண்டு. அதற்கு மூக்கின் பின்புறத்திலிருந்து மெல்லிய குழல் ஒன்று செல்கிறது. யூஸ்டேஷியன் குழல் என்பர். கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அது கணநேரம் திறக்கும். இறங்குகிறவன் அதைத் திறந்து காற்றை உள்ளே அனுப்பாவிட்டால் வெளித் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. சுமார் ஒன்றே கால் மீட்டர் ஆழத்திலேயே குழலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளக்கூடும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறவாது. அதையும் மீறி இறங்கினால் இரத்தம் கசியும், பறை கிழியும்.

நம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இது நேர்ந்தது. கோடை விடுமுறையில் கிணற்றில் ஓட்டுச் சில்லை எறிந்துவிட்டு, அது தரைக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்பது பையன்களின் பந்தயம். அவனுக்கு அன்று ஜலதோஷம். தலைகீழாகப் பாய்ந்தான். காதில் ஊசி குத்தியது போலிருந்ததாம். பந்தயம் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். திடீரென்று வலி நின்றது! குளிர்ந்த நீர் உட்காதில் பாய்ந்தது, கிணறு சுழன்றது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் கைகளை வீசியவனுக்குக் கிணற்றுப் படிக்கல் தட்டுப்பட்டது. அதைப் பற்றித்தான் உயிர் பிழைத்தான். நடுக்கடலில் ஏது படிக்கல்?

மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காலைக் கல்லில் ஊன்றி, முத்துக்கும் சங்குக்கும் விரைந்து இறங்கினார்கள். இலங்கைக் கரையில் அவர்களைப் பார்த்த ராபர்ட் பெர்சிவல், 1803-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேலே வந்தவர்களின் வாயிலும் காதிலும் மூக்கிலும் நீர் வடியும் என்றும், பல சமயம் இரத்தமே வரும் என்றும் எழுதுகிறார். அப்படியும் அவர்கள் தங்கள் முறை வந்ததும் மறுபடி மூழ்கினார்களாம். அதை அவர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். நம்மால் அவ்வளவு எளிதில் கடக்க முடியவில்லை. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளிப்போர் இன்றும் உண்டு.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. அவர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கால் முன்னாக இறங்கினார்கள். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதினால் குழல் திறக்கும். இத்தாலிய வைத்தியரான வால்சால்வா 1704-ஆம் ஆண்டில் எழுதிய உபாயமும் இதுவே. தலை மேலாக இருக்கையில் குழல் திறப்பதும் சுலபம். இன்று புதுச்சேரியில் காற்றுக்குப்பி கட்டி மூழ்கக் கற்பிக்கும் ஆசான்களும் முதலில் சொல்வது இதைத்தான்: வலி தோன்றுமுன் ஊது; திறவாவிட்டால் சற்று மேலேறி மீண்டும் முயல்; பலமாக ஊதாதே. பலமாக ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு பிய்ந்து நிரந்தரச் செவிடு நேரலாம். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள காற்றறைகளின் வாசல் அடைபட்டு, நெற்றியைப் பிளக்கும் வலியும் மூக்கில் இரத்தமும் வரும். மருந்தால் மூக்கைத் திறந்துகொண்டு இறங்கி, கீழே மருந்தின் வேகம் தணிந்துவிட்டால் மேலே வரும்போது அதைவிடத் துன்பம்.

மாணவன் வீட்டில் காய்ச்சிய நல்லெண்ணெயுடன் பாட்டியம்மாள் தயாராக இருந்தார். நல்ல வேளையாக வைத்தியர் தடுத்தார். கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே கூடிவிடும். எண்ணெயோ நீரோ உள்ளே போனால்தான் சீழ் பிடிக்கும் என்றார். தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் காதில் பஞ்சடைத்துக்கொண்டு பையன் ஆறு வாரம் ஓட்டினான். பறை கூடிவிட்டது. பந்தயத்தில் எறிந்த ஓட்டுச் சில்லு மட்டும் இன்னும் அந்தக் கிணற்றில்தான் கிடக்கிறது.