ஆசிரியர் மாணவரான நகரம்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், ஓர் இரவு வேளையில், யாங்சி ஆற்றங்கரையிலுள்ள பூலிங் நகரில் படகிலிருந்து இறங்கினார் பீட்டர் ஹெஸ்லர் என்னும் அமெரிக்கர். அப்போது அவருக்கு வயது 27. 'பீஸ் கோர்' என்னும் அமெரிக்கத் தொண்டர் நிறுவனம், அங்குள்ள ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஈராண்டு ஆங்கிலம் கற்பிக்க அவரை அனுப்பியிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அமெரிக்கர் எவரும் குடியிருந்திராத ஊர் அது. அந்த ஈராண்டு வாழ்வை அவர் 2001-இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

அந்நகர் மலைச்சரிவில் அமைந்தது. எங்கு நோக்கினும் படிக்கட்டுகள். மிதிவண்டிகளின் நாடு என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வந்த சீனாவில், மிதிவண்டியே இல்லாத நகரம்! மூங்கில் கழியைத் தோளில் தாங்கிய கூலியாட்கள் படிகளில் சுமையேற்றிச் செல்வர். ஓயாத ஊர்திச் சங்கொலி வேறு. இவற்றை எல்லாம் விட அவரை வருத்தியது, தெருவில் இறங்கினால் சூழ்ந்துகொண்ட கூட்டமே. 'அயல்நாட்டான்' என்று கூவுவோரும், 'ஹலோ' என்று கேலியாக அழைப்போரும் பலர். பகைமை என்பதைவிடப் பெரும்பாலும் அது வேடிக்கை பார்க்கும் ஆவல்தான். ஆயினும் நாள்தோறும் வேடிக்கைப் பொருளாய் இருப்பது எளிதன்று.

வகுப்பறையிலோ நிலை வேறு. மாணவரிற் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களாகச் செல்ல வேண்டியவர்கள். அவர்களுக்கு அவர் ஷேக்ஸ்பியரைக் கற்பித்தார். அங்கே அவருக்கு மதிப்பிருந்தது.

ஆனால் அதே கல்லூரியில் அவர் சீன மொழி கற்கும் மாணவராகவும் அமர்ந்தார். நம் மனத்தைத் தொட்ட பகுதி இதுவே. சீன மொழியில் ஒரே ஒலி, நால்வகைத் தொனியில் நான்கு பொருள் தரும். தொனி சிறிது பிழைத்தாலும் ஆசிரியையின் வாயிலிருந்து 'பூதுய்' என்ற சொல் வரும். 'சரியன்று' என்பது அதன் பொருள். பாராட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. முயற்சிக்கே புகழுரை கேட்டுப் பழகிய அமெரிக்கருக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது. (குருமடத்தில் இலத்தீன் வேற்றுமை உருபுகளோடு போராடிய நமக்கு அந்த முள்ளின் கூர்மை தெரியும்.) அவரோ சினத்தையே உழைப்பாக மாற்றினார். 'ஹோ வெய்' என்பது அவருக்கு வழங்கிய சீனப் பெயர். திக்கித் திக்கிப் பேசிய அந்த ஹோ வெய்யிடம் கடைக்காரரும் தொழிலாளரும் கூச்சமின்றி உரையாடினர். கற்றறிந்த ஆசிரியருக்குத் திறவாத கதவுகள், பேதையாய் வந்தவருக்குத் திறந்தன.

ஹெஸ்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். பூலிங்கிலும் ஒரு சிறிய ஆலயம் இருந்தது. முதிய குரு ஒருவர் அங்கே திருப்பலி நிறைவேற்றி வந்தார். 1966 முதல் 1976 வரை நீடித்த கலாச்சாரப் புரட்சியின்போது சீனா எங்கும் பொது வழிபாடு ஒடுக்கப்பட்டது. அதனைக் கடந்து வந்த குருவையும், அவரைச் சூழ்ந்திருந்த சிறு கூட்டத்தையும் ஹெஸ்லர் அங்கே கண்டார்.

அவர் கண்ட பூலிங் இன்று அப்படியே இல்லை. மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2003-இல் நீர் தேக்கத் தொடங்கினர். ஆறு உயர்ந்து, தாழ்வான தெருக்களை விழுங்கியது. நகருக்கு எதிரே ஆற்றின் நடுவில் 'வெண்கொக்குப் பாறை' என்றொரு பாறை உண்டு. கோடையன்று, குளிர்காலத்தில்தான் அது வெளியே தெரியும். நீர் வற்றிய ஆண்டுகளை முன்னோர் அதில் பொறித்து வைத்தனர். அதிலுள்ள மீன் உருவங்கள் நீர்மட்டத்தை அளக்க உதவின. இப்பொழுது அப்பாறை எந்தப் பருவத்திலும் வெளிப்படுவதில்லை. 2009-இல் திறக்கப்பட்ட நீரடி அருங்காட்சியகத்தின் சாளரங்கள் வழியேதான் அம்மீன்களைக் காணலாம்.

2019-இல் ஹெஸ்லர் மீண்டும் சீனாவுக்கு, இம்முறை செங்டு நகருக்கு, ஆசிரியராக வந்தார். பூலிங்கின் பழைய மாணவர்களுக்கு அப்போது நடுவயது. அவர்களுள் பலர் இன்னும் பள்ளி ஆசிரியர்களாகவே இருந்தனர்.