வேலை கிடைச்சா உதவி எல்லாம் நின்னுடுமா?

வீடியோவில் வேகமா சொல்லிட்டேன், இங்க கணக்கோட பார்த்துடலாம்.

அமெரிக்காவில் 1996-ல் அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏழைக் குடும்பங்களுக்கு மாசாமாசம் தரும் பண உதவி வேணும்னா வேலைக்குப் போகணும். அதுவும் மத்திய அரசுப் பணத்தில் வாழ்நாளில் மொத்தம் 60 மாதம்தான்.

1994-ல் சுமார் 50 லட்சம் குடும்பங்கள் வாங்கின உதவி இது. 2000-ல் பாதிக்கும் கீழே போயிடுச்சு. பொருளாதாரம் நல்லா இருந்ததும் ஒரு காரணம், அதை மறந்துடக் கூடாது.

ஆனா சாப்பாட்டுக்குத் தரும் 'ஃபுட் ஸ்டாம்ப்' தனித் திட்டம். குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கும் அது உண்டு. அதை வாங்கினவங்களும் அதே காலத்தில் சுமார் 2.7 கோடியிலிருந்து 1.7 கோடியா குறைஞ்சாங்க. இதில் தகுதி இருந்தும் விட்டுப்போனவங்க நிறைய. பண உதவி நின்னதும் மத்ததும் நின்னுடுச்சுன்னு நினைச்சுட்டாங்க. புதுப்பிக்க ஆபீஸ் நேரத்தில் போகணும். புதுசா வேலைக்குச் சேர்ந்த அம்மாவுக்கு யார் லீவு தருவாங்க? மருத்துவ உதவியான 'மெடிக்கெய்ட்' கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

இப்போ கணக்கு. சம்பளம் 100 டாலர் ஏறினா, அதில் 20-ஐக் கழிச்சுட்டு, மீதி 80-ல் 30 சதவீதம், அதாவது 24 டாலர்தான் ஃபுட் ஸ்டாம்பில் குறையும். மிச்சம் 76 கையில் நிக்கும். இரண்டு குழந்தைகள் இருந்து சம்பளமும் ரொம்பக் குறைவா இருந்தா, வருமான வரிச் சலுகையா இன்னொரு 40 டாலர் வரும். ஆனா ரிட்டர்ன் ஃபைல் பண்ணினாதான்.