கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமா? அரசு பணம் தருமா?

மூலக்குளத்தில் இருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முதல் கவலை, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பதுதான். 2017 மகப்பேறு சலுகைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம். 50 பெண்கள் இருக்கணும்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, ஆண்களையும் சேர்த்துத்தான் கணக்கு. தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். ஓய்வு நேரமும் இதில் அடக்கம்.

சரி, அரசு பணம் தருமா? நிறுவனத்துக்கு மானியம் எதையும் சட்டம் சொல்லலை. ஆனால், 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சுமையைக் குறைக்குது. அரசு அல்லது நகராட்சி காப்பகத்தையே நிறுவனம் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்து பொதுக் காப்பகமும் அமைக்கலாம். தொழிற்பேட்டைக்கு இது ரொம்பவே பொருந்தும்.

50-க்கும் குறைவான ஆட்கள் உள்ள சிறு பட்டறைகளுக்குத்தான் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வேலை பார்க்கும் தாய்க்கு, மத்திய அரசின் 'பால்னா' காப்பகம் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. அதில் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைச் சேர்க்கலாம்.